அத்தியாயம் 9: காலியாகத் தெரியும் செல்கள்

சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும். எவ்வளவு பெரியது, ரத்தக்குழாய்க்குள் நீண்டிருக்கிறதா என்றும் காட்டும். அது என்ன கட்டி என்று உறுதியாகச் சொல்ல, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவிய திசு வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சீவலைக் கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றி, நோய்க்கூறியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதும் நாலு வரிதான் அடுத்த சிகிச்சை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று இறங்கி வந்தால், கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர்வார். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. புற்றுநோய் என்ற சந்தேகம் எழுந்தால் சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் என்று பயணம் நீளலாம். கருமந்துறைப் பக்கத்து மக்களுக்கு ஆத்தூரும் சேலமும்தான் கிட்டம். ஆள் ஒரு வழியில் போக, அறுத்தெடுத்த கட்டி ஃபார்மலின் டப்பாவில் இன்னொரு வழியில் போகும். "கட்டிய எடுத்தாச்சு, டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம்" என்று குடும்பத்தாரிடம் சொல்வார்கள். அந்த டெஸ்டில் என்ன நடக்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. இந்த அத்தியாயம் அதற்காக.

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு 'கிளியர் செல்' வகை. அறுத்த கட்டியைப் பிளந்தால் உள்ளே பொன்மஞ்சளாக இருக்கும். நடுநடுவே ரத்தம் கசிந்த செம்பழுப்புத் திட்டுகள். அதே கட்டி கண்ணாடிச் சில்லில் ஏறியதும் மஞ்சள் போய்விடுகிறது. செல்லுக்கு எல்லைக்கோடு இருக்கிறது, நடுவில் உட்கரு இருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெள்ளை. உள்ளே ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கூட்டம் கூட்டமாக நிற்கும் இந்தச் செல்களைச் சுற்றி மயிரிழை போன்ற ரத்த நாளங்கள் பின்னிக் கிடக்கும்.

அந்த இடம் உண்மையில் காலி இல்லை. செல் முழுக்கக் கொழுப்பும், சர்க்கரையின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனும் நிறைந்திருந்தன. திசுவை மெழுகில் பதிப்பதற்கு முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊற வைக்கிறார்கள். அங்கே கொழுப்பு கரைந்து போகிறது. கிளைக்கோஜனும் பெரும்பாலும் கழுவப்பட்டு விடுகிறது. நாம் பார்க்கும் வெள்ளை, சரக்கு வெளியேறிய பிறகு மிஞ்சிய இடம். பொன்மஞ்சள் நிறத்துக்குக் காரணமும் அதே கொழுப்புதான்.

இந்தக் கொழுப்பு ஒரு பெரிய மருத்துவரையே திசைதிருப்பியது. ஜெர்மனியைச் சேர்ந்த பால் கிராவிட்ஸ் 1883-இல் இந்தக் கட்டிகளை ஆராய்ந்தார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் செல்களும் கொழுப்பு நிறைந்தவை. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்று போலவே தெரிந்தன. கரு வளரும்போது சிறுநீரகத்துக்குள் சிக்கிக்கொண்ட அட்ரினல் துணுக்குகளிலிருந்தே இந்தக் கட்டி கிளம்புகிறது என்று அவர் முடிவு செய்தார். அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் நிலைத்தது. 1960-இல் சார்ல்ஸ் ஓபர்லிங்கும் அவருடைய சகாக்களும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, இந்தச் செல்களின் நுண் அமைப்பு சிறுநீரகக் குழாயின் முதல் வளைவில் இருக்கும் செல்களோடு ஒத்துப்போனது. கட்டி சிறுநீரகத்தின் சொந்தப் பிள்ளைதான் என்பது அப்போது தெளிவானது.

சரி, சிறுநீரகக் குழாயின் செல் ஏன் இப்படிக் கொழுப்பைக் குவிக்க வேண்டும்? விடை 1993-இல் கண்டறியப்பட்ட விஎச்எல் மரபணுவில் இருந்தது. நம் செல்களில் எச்ஐஎஃப் என்றொரு புரதம் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் அது தலைதூக்கி, புது ரத்த நாளங்களை வரவழைக்கச் சொல்லும், சர்க்கரையை வேறு விதமாகச் செலவழிக்கச் சொல்லும். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது விஎச்எல் புரதம் அதற்கு அடையாளம் குத்தி அழிவுக்கு அனுப்பிவிடும். கிளியர் செல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த விஎச்எல் கெட்டுப்போயிருக்கிறது. காற்று தாராளமாக இருந்தும் செல் மூச்சுமுட்டுவதாகவே நடந்துகொள்கிறது. அதனால்தான் உள்ளே கொழுப்பும் கிளைக்கோஜனும், வெளியே ரத்த நாளப் பின்னலும். சில்லில் தெரியும் இரண்டு விநோதங்களுக்கும் ஒரே வேர். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த முறையைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரத்த நாளம் வளர்வதைத் தடுக்கும் சுனிடினிப் போன்ற மாத்திரைகள் இந்த வகைக்கு ஏன் வேலை செய்கின்றன என்பதற்கும் இதுவே விளக்கம். எச்ஐஎஃப்-ஐயே நேராகத் தாக்கும் பெல்சுடிஃபான் அமெரிக்காவில் 2021-இல் அனுமதி பெற்றது.

ஒரு வெள்ளை இடம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று விடாமல் கேட்டதில் இவ்வளவும் கிடைத்தது. நோய்க்கூறியலில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். விநோதமாகத் தெரிவது எதுவும் அலங்காரம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழுது இருக்கிறது. பழுது தெரிந்தால் மருந்துக்கு வழி பிறக்கலாம், குறைந்தபட்சம் குடும்பத்துக்கு எச்சரிக்கையாவது கிடைக்கும்.

இனி, வெளுப்பாகத் தெரியும் எல்லாமே கிளியர் செல் இல்லை. 'குரோமோஃபோப்' வகையை 40 மடங்கு லென்ஸில் நிதானமாகப் பார்க்க வேண்டும். செல்களின் எல்லை தடிப்பாக, தாவர செல்லின் சுவர் போலத் துலக்கமாக இருக்கும். உட்கருவின் விளிம்பு சுருங்கி மடிந்திருக்கும். மருத்துவர்கள் இதை உலர்திராட்சை உட்கரு என்றே எழுதுகிறார்கள். சுற்றிலும் வெளிறிய வளையம் ஒன்று. சில செல்களில் இரண்டு உட்கருக்கள். இங்கே வெளுப்புக்குக் காரணம் கொழுப்பு இல்லை, செல்லுக்குள் நெருங்கிக் கிடக்கும் நுண்ணிய பைகள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அவற்றைக் காட்டும். ஹேல் என்பவர் பெயரால் அழைக்கப்படும் இரும்புச் சாயம் ஏற்றினால் செல் நீலமாகும். முதலில் இதைப் பார்த்தது எலிகளில். ரசாயனம் கொடுத்து வளர்த்த எலிகளின் சிறுநீரகக் கட்டிகளில் இத்தகைய செல்கள் 1970-களில் விவரிக்கப்பட்டன. மனிதரிடமும் இது உண்டு என்று தோனஸும் அவருடைய குழுவும் 1985-இல் எழுதினார்கள். அதுவரை இந்த நோயாளிகள் வேறு வகைகளில் சேர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். குரோமோஃபோப் பெரும்பாலும் சாதுவானது. அறுவையோடு முடிந்துவிடுபவர்களே அதிகம்.

இதற்கு மிக நெருங்கிய உருவம் கொண்ட 'ஆன்கோசைட்டோமா' புற்றுநோயே இல்லை. அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா பிதுங்க நிறைந்திருப்பதால் செல் அழுத்தமான இளஞ்சிவப்பாகத் தெரியும், உட்கரு உருண்டையாக, மடிப்பில்லாமல் இருக்கும். உலர்திராட்சையா, உருண்டையா என்ற இந்த ஒரு வேறுபாட்டில் ஒருவர் வாழ்நாள் முழுக்கப் புற்றுநோயாளியாகத் திரிவதும் நிம்மதியாக வீடு திரும்புவதும் அடங்கியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் சிகே7 போன்ற கூடுதல் சாயப் பரிசோதனைகள் உதவும்.

உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற புள்ளியும் பேசும். கிளியர் செல்லுக்கும் பாப்பில்லரி என்ற இன்னொரு வகைக்கும் தரவரிசை போடுவது இதன் அளவை வைத்துத்தான். 400 மடங்கிலும் சரியாகத் தெரியவில்லை என்றால் தரம் 1. 100 மடங்கிலேயே பளிச்சென்று தெரிந்தால் தரம் 3. செல்கள் உருக்குலைந்து, ராட்சத செல்களும் கதிர்வடிவ செல்களும் வந்துவிட்டால் தரம் 4. அறிக்கையில் தரம் என்று போட்டிருக்கும் எண் இதுதான். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் நிலை எண் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தரம் 3 என்பதை மூன்றாம் நிலை என்று நினைத்து நொறுங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு.

சில சமயம் அந்தப் புள்ளி அளவுக்கு மீறிப் பெரிதாக, செக்கச்சிவந்து, சுற்றிலும் ஒரு வெள்ளை வளையத்தோடு நிற்கும். அப்போது மருத்துவர் மனதில் ஒரு கேள்வி எழ வேண்டும்: ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்ற நொதி இந்தச் செல்லில் இல்லையோ? இது முரட்டு வகை. பெற்றோர் வழியாக வரும் மரபணுக் கோளாறு அடியில் இருக்க வாய்ப்பு அதிகம். அதே குடும்பத்துப் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையில் பெரிய பெரிய நார்க்கட்டிகள், சிலருக்குத் தோலில் வலிக்கும் முண்டுகள் இருக்கும். 'கட்டி கட்டியா இருக்குன்னு அக்காவுக்குக் கர்ப்பப்பையையே எடுத்தாங்க' என்று பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு வரி, சில்லில் தெரியும் சிவப்புப் புள்ளியோடு சேரும்போது விஷயமே வேறாகிவிடும். குடும்பக் கதையை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

புற்றுநோய் வேடம் போடும் கிருமித்தொற்றும் உண்டு. சிறுநீரகக் கல் அடைத்து, நாள்பட்ட சீழ் பிடித்த சிறுநீரகத்தில், கொழுப்பை விழுங்கிய வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சேரும். கட்டி மஞ்சளாக இருக்கும், செல்கள் வெளுத்து நுரைத்திருக்கும். கோடையில் வெயில் கொளுத்தும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களில் கரும்புக்காட்டிலும் மரவள்ளிக்காட்டிலும் நாளெல்லாம் வேலை செய்து, தண்ணீர் போதாமல் கல் உண்டாகி, பல வருடம் கவனிக்காமல் விட்ட ஒருவருக்கு ஸ்கேனில் தெரியும் கட்டி இதுவாகவும் இருக்கலாம். செல் யாருடையது என்று கேட்டால் குழப்பம் தீரும். சிறுநீரகச் செல் என்றால் பாக்ஸ்8 என்ற புரதம் உட்கருவில் சாயம் பிடிக்கும். விழுங்கணு என்றால் சிடி68 பிடிக்கும்.

எல்லாவற்றிலும் விநோதமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இதில் நோயைக் காட்டிக்கொடுப்பதில் புற்றுச் செல்லுக்குப் பக்கத்தில் ஓடும் சிவப்பணுவுக்கும் பங்கு உண்டு.

ஹெர்மன் லேமன் என்ற உயிர்வேதியியலாளரும் மேரி கட்புஷ் என்ற ரத்த ஆய்வாளரும் 1952-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பேசப்பட்டு வந்த அரிவாள் செல் பண்பு நீலகிரி மலையின் பழங்குடியினரிடமும் இருக்கிறது என்பது அதன் செய்தி. இருளர், குறும்பர், பணியர் போன்ற மக்களின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்தபோது சிவப்பணுக்கள் வளைந்து கூர்மையாயின. இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய அறிவியல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது பதிவானது.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்வதுதான் பழுது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பண்பு. அவர் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்துவிடுவார். உடம்பில் ஓர் இடத்தில் மட்டும் அந்தச் சாதாரண வாழ்க்கைக்குச் சோதனை. சிறுநீரகத்தின் உள்பகுதியான மெடுல்லாவில் ஆக்சிஜன் அழுத்தம் 10 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம்தான். சிறுநீரைக் கெட்டிப்படுத்துவதற்காக அங்கே உப்பும் யூரியாவும் ரத்தத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு செறிவுக்கு ஏறியிருக்கும். அமிலத்தன்மையும் சேர்ந்துகொள்ளும். பண்பு மட்டுமே உள்ளவரின் சிவப்பணுக்களும் அங்கே அரிவாளாக வளையக்கூடும். நுண்ணிய நாளங்கள் அடைபடும்.

வாஷிங்டனில் இருந்த அமெரிக்க ராணுவ நோய்க்கூறியல் நிறுவனத்தில் டேவிஸ், மோஸ்டோஃபி, செஸ்டர்ஹென் என்ற மூன்று மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தங்களிடம் வந்து சேர்ந்த 30-க்கும் மேற்பட்ட கட்டிகளை 1995-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் மெடுல்லாவில் கிளம்பியவை. நோயாளிகள் பதின்ம வயதினரும் இளைஞர்களும். செல்கள் வலைபோலவும் சிறு பைகள் போலவும் அடுக்கி நின்றன. சில செல்களில் உட்கரு ஓரமாகத் தள்ளப்பட்டு, நடுவில் இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கெட்டியான நார்த்திசு, ஊடே வெள்ளணுக்கள். பக்கத்து ரத்த நாளத்துக்குள் பார்வையை நகர்த்தினால், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் மெலிந்து, வளைந்து, இரு முனையும் கூராகிக் கிடந்தன. அரிவாள் செல்லால் வரும் ஆறு சிறுநீரகக் கோளாறுகள் ஏற்கெனவே அறியப்பட்டிருந்ததால், இதை ஏழாவது என்று எண்ணித் தலைப்பிட்டார்கள். ரீனல் மெடுல்லரி கார்சினோமா என்ற நோய் மருத்துவ நூல்களில் இடம்பிடித்தது அப்போதுதான்.

இந்தக் கட்டிகளில் ஸ்மார்க்பி1 என்ற மரபணு செயலிழந்திருக்கிறது என்று பின்னர் தெரிந்தது. அதன் புரதத்தைக் காட்டும் ஐஎன்ஐ1 சாயம் போட்டால் சாதாரண செல்களின் உட்கரு பழுப்பாகும். புற்றுச் செல்களின் உட்கரு சாயம் ஏற்காமல் நிற்கும். 2022-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இந்த இழப்பை நோயின் பெயரிலேயே சேர்த்துவிட்டது. நோய் மிகக் கொடியது. கிளியர் செல்லுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் இதில் பெரிதாக எடுபடுவதில்லை. பிளாட்டினம் சேர்ந்த கீமோதெரபிதான் வழக்கம். ஆகவே இரண்டையும் மாற்றி எழுதினால் நோயாளி இழப்பது திரும்பக் கிடைக்காத மாதங்களை.

பண்பு உள்ளவர்கள் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது. பல்லாயிரம் பேரில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வருவது அரிது. பண்பு உள்ள இளைஞருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தாலும் பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கும். ஆனால் அதைச் 'சூடு' என்று விட்டுவிடாமல் ஒரு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். அதற்கு முதலில் தனக்குப் பண்பு இருக்கிறதா என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நீலகிரியின் கதையை அப்படியே கல்வராயனுக்குப் பொருத்துவதும் தவறு. கல்வராயனில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் வேறு மக்கள், அவர்களுடைய மரபு வேறு. மலைவாசி என்றாலே அரிவாள் செல் என்று முத்திரை குத்துவதில் அறிவியலும் இல்லை, மரியாதையும் இல்லை. ஒவ்வொரு மலைக்கும் ரத்தப் பரிசோதனைதான் பதில் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் உள்ள 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, முடிவை அட்டையில் எழுதித் தருவது திட்டம். அந்த அட்டை கல்யாணப் பேச்சுக்கு மட்டும் உதவுவதில்லை. சேலத்திலோ ஜிப்மரிலோ மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கும் அது ஒரு தடயம்.

இத்தனை நுணுக்கமும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கெட்டுப்போகலாம். செல் உடம்பை விட்டு வந்ததும் தன்னையே கரைத்துக்கொள்ளத் தொடங்கும். ஃபார்மலின்தான் அதை நிறுத்துகிறது. அது திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் ஊறும். முழுச் சிறுநீரகத்தைப் பிளக்காமல் அப்படியே போட்டால் வெளிப்பக்கம் பதப்பட்டு, நடுப்பகுதி அழுகும். திசுவைப் போல பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் போட்டோ, 'கெடாம இருக்கட்டும்' என்று ஐஸில் உறைய வைத்தோ அனுப்பினால், உலர்திராட்சை மடிப்பும் நியூக்ளியோலஸும் அடையாளம் தெரியாமல் போய்விடும். மலையிலிருந்தும் சிற்றூரிலிருந்தும் நெடுந்தூரம் போகும் திசுவுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கட்டி எடுத்திருந்தால், பயாப்சி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகை, எந்தத் தரம், என்னென்ன சாயங்கள் போட்டார்கள் என்று பாருங்கள். புரியாவிட்டால் மருத்துவரிடமே கேளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது சிலைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அந்த பிளாக் இருக்கும்வரை, பத்து வருடம் கழித்தும் புதிய சீவல் எடுத்துப் புதிய சாயம் போட்டுப் பார்க்க முடியும். சிறுநீரில் ஒரு முறை ரத்தம் தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும், அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.